பெலிக்கன் 1510: துப்பாக்கியோட ப்ளைட் ஏறுறவங்களுக்கு ஒரு நீளமான ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், பெலிக்கன் 1510ங்கறது துப்பாக்கி வச்சு பூட்டற கெட்டியான பெட்டி, நல்ல கேஸ், வாங்கலாம். ஆனா பத்துக்கு அஞ்சு மார்க்குதான் கேஸுக்கு. மிச்ச அஞ்சும் நீங்க போடுற பூட்டுக்கும், செக்-இன் கவுண்டர்ல நீங்க நடந்துக்கற விதத்துக்கும், இறங்குன எடத்துல லக்கேஜ் வர்ற பெல்ட்டுகிட்ட எவ்ளோ சீக்கிரம் போய் நிக்கறீங்கங்கறதுக்கும் போயிடும். அதனால இதுல கேஸ் பத்தி பாதிதான் இருக்கும், மீதி எல்லாம் கேஸச் சுத்தி நடக்கற கூத்து.

நான் பிஸ்டல் மேட்ச் சுடறவன், வருஷத்துக்கு நாலஞ்சு தடவ அமெரிக்காக்குள்ளயே ப்ளைட்ல துப்பாக்கி எடுத்துட்டுப் போக வேண்டி வருது. இங்க எழுதறது எல்லாம் அமெரிக்க உள்நாட்டு ப்ளைட்டுக்கு மட்டும்தான், நாடு விட்டு நாடு போறது முழுக்க வேற சட்டம், அதோட இத போட்டு கொழப்பிக்காதீங்க. இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நெறைய பேர் துப்பாக்கி சுடற ரேஞ்ச்சுக்கு கூட்டிட்டுப் போனதும் நானும் ஒண்ணு வாங்கட்டுமானு கேக்கறாங்க, ஹெச்1பி மாதிரி விசால இருக்கவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே பொதுவா ஃபெடரல் சட்டப்படி குத்தம், ஹண்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, அத வக்கீல்கிட்ட கேட்டுட்டு அப்புறம் கேஸ் வாங்கற கதைக்கு வாங்க.

இந்த கேஸுக்கு முன்னாடி நான் வச்சிருந்தது ஒரு மெலிசான பிளாஸ்டிக் கேஸ், பிராண்ட் வேணாம், ஆன்லைன்ல "ஏர்லைன் அப்ரூவ்டு"னு போட்டு வித்தாங்க. ரெண்டு ஓரத்துலயும் பூட்டு போட ஓட்டை இருந்துச்சு, ரெண்டுலயும் நல்ல பூட்டாவே போட்டேன், ஆஹா பலமா இருக்குடானு நெனச்சு ரெண்டு டிரிப் போயிட்டும் வந்தாச்சு. அப்புறம் எங்க ரேஞ்ச்ல ஒரு அண்ணன், ரொம்ப வருஷமா மேட்ச் சுத்தறவரு, அத பாத்துட்டு "தம்பி, இத பூட்டி குடு பாப்போம்"னாரு. குடுத்தேன். மடில வச்சாரு, ரெண்டு பூட்டுக்கும் நடுவுல மூடிய பிடிச்சு ரெண்டு கையால மேல இழுத்தாரு, அவ்ளோதான், ஸ்க்ரூ டிரைவர் இல்ல ஒண்ணும் இல்ல, மூடி வாழை மட்ட மாதிரி வளைஞ்சு நாலு விரல் போற அளவுக்கு வாய் பொளந்துச்சு. உள்ள கைய விட்டு, துப்பாக்கில சொருகற தோட்டா மேகஸின் ஒண்ண உருவி என் கைல வச்சுட்டு, "பூட்டு அப்படியே தான் இருக்கு பாத்துக்கோ"னாரு. பூட்டு நெஜமாவே அப்படியே தான் இருந்துச்சு. நான் எதுக்கு காசு குடுத்தேன்னு எனக்கே தெரியல.

இது வெறும் திருட்டு பயம் மட்டும் இல்ல, ரூலே அது தான். அமெரிக்க ஏர்போர்ட்ல செக்யூரிட்டி பாக்கற டிஎஸ்ஏ என்ன சொல்லுதுன்னா துப்பாக்கி லோட் பண்ணாம இருக்கணும், கெட்டியான பெட்டில வச்சு பூட்டணும், பூட்டுன அப்புறம் உள்ள இருக்கற துப்பாக்கிய யாரும் எட்டவே முடியக் கூடாது, சுலபமா தெறக்க முடியற பெட்டின்னா ஒத்துக்க மாட்டாங்க. புதுசா துப்பாக்கி வாங்கும்போது கூடவே ஒரு பிளாஸ்டிக் டப்பா வருமே, அது பத்தாமப் போகலாம்னு அவங்களே எழுதி வச்சிருக்காங்க. அப்புறம் செக்-இன் லக்கேஜ்ல மட்டும்தான், கவுண்டர்ல டிக்ளேர் பண்ணியே ஆகணும். கைப்பைல மறந்து வச்சுட்டுப் போற ஆளுங்கள பத்தி பேசவே வேணாம், 2023ல மட்டும் செக்பாயிண்ட்ல 6,737 துப்பாக்கி பிடிச்சிருக்காங்க, அதுல நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல லோட் பண்ணது. மறந்துட்டாங்களாம். செல்போன் சார்ஜர் மறந்தா கூட நம்பலாம்.

சரி, பெலிக்கனுக்கு வருவோம். வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 22க்கு 14க்கு 9 இன்ச்சு, சக்கரம் இருக்கு, இழுக்கற கைப்பிடி இருக்கு, ஃபோமோட சேத்து 13 பவுண்டுக்கு மேல வரும். கேமராக்காரங்க தூக்கிட்டு அலைவாங்களே, அதே பெட்டிதான். சைஸ பாத்தா இது கைப்பையா உள்ள எடுத்துட்டுப் போற சைஸ், நாம என்னவோ செக்-இன்ல போடுறோம், அதுல ஒரு வேடிக்கை. ஒரு பிஸ்டலுக்கு இவ்ளோ பெருசு எதுக்குனு வீட்டுல கேட்டாங்க. பதில் ஒண்ணுதான், பெருசா இருக்கறதே பாதுகாப்பு. சின்ன லாக் பாக்ஸ யாரும் ஒடைக்கவே வேணாம், அப்படியே ஜாக்கெட்டுக்குள்ள சொருகிட்டுப் போயிடலாம், நிதானமா வீட்டுல போய் ஒடைச்சுக்கலாம். ஏர்போர்ட்ல பின்னாடி வேல பாக்கற ஒருத்தன் கெட்டவனா இருந்தா அவன்கிட்ட இருக்கறது ரெண்டு நிமிஷம், அந்த ரெண்டு நிமிஷத்துல சூட்கேஸ் ஜிப்ப பிரிச்சு ஒரு புஸ்தகம் சைஸ் டப்பாவ எடுக்க முடியும், இருபது கிலோவுக்கு பக்கத்துல வர்ற சக்கரம் வச்ச பெட்டிய எங்க ஒளிப்பான்? நான் உள்ள துப்பாக்கி, மேகஸின், தோட்டா, கண்ணாடி, பெல்ட், காது மஃப், டூல் கிட் எல்லாத்தையும் போட்டு வேணும்னே கனமாக்கிடறேன். 50 பவுண்ட் தாண்டாம பாத்துக்கோங்க, தாண்டுனா தனி சார்ஜ்.

மூடியோட வெறைப்பு அருமை. அந்த அண்ணன்கிட்டயே குடுத்தேன், மடில வச்சு இழுத்துப் பாத்தாரு, கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிட்டு "ம்"னாரு. அவரு வாய்ல இருந்து வந்த "ம்" அது, எனக்கு அஞ்சு ஸ்டார் மாதிரி. பூட்டு ஓட்டை ரெண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு போட்டு உறுதி பண்ணிருக்காங்க, இல்லன்னா பூட்ட விட்டுட்டு பிளாஸ்டிக்க அறுத்துட்டுப் போயிடுவான். ரெண்டு ஓட்டைலயும் பூட்டு போடணும், ஒண்ணு போதும்னு விட்டா அந்தப் பக்கம் நெம்பலாம், கவுண்டர்லயும் கேள்வி வரும்.

ஃபோம் சின்னச் சின்ன கட்டமா பிச்சு எடுக்கற டைப். இதுல நான் பண்ண தப்ப சொல்றேன், ஒரே கேஸ்ல ரெண்டு துப்பாக்கி, ஆறு மேகஸின் வைக்கணும்னு ஆசைப்பட்டு நடுவுல ஒத்தை வரிசை ஃபோம் மட்டும் விட்டு பிச்சுட்டேன், மூணாவது டிரிப்லயே அந்த சுவரு சாஞ்சு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உக்காந்திருந்துச்சு. ரெண்டு கட்டமாவது விடுங்க.

பூட்டு. இதுல தான் நெறைய பேரு ஏமாறறாங்க, சரியா சொல்லிடறேன். சூட்கேஸுக்கு டிஎஸ்ஏ பூட்டுனு ஒண்ணு விக்குதுல்ல, செவப்பு டைமண்ட் மாதிரி ஒரு சின்னம் போட்டு, அதிகாரிங்க மாஸ்டர் சாவி வச்சு தெறக்கற மாதிரி. ஏர்போர்ட்னாலே அதான் போடணும்னு மண்டைல ஏறிருக்கு. துப்பாக்கி பெட்டிக்கு கதையே வேற, சாவியோ நம்பரோ பயணிகிட்ட மட்டும்தான் இருக்கணும்னு ஃபெடரல் ரூல்லயே இருக்கு. டிஎஸ்ஏ வெப்சைட்ல எந்தப் பூட்டு வேணா போட்டுக்கோ, எங்க பூட்டும் போட்டுக்கலாம்னு இருக்கு, ஆனா ஏன் போடணும்? 2014ல ஒரு பெரிய அமெரிக்க பத்திரிகை லக்கேஜ் பத்தின கட்டுரைல அந்த மாஸ்டர் சாவி கொத்த போட்டோ புடிச்சு போட்டுருச்சு, அடுத்த வருஷம் அந்த போட்டோவ பாத்தே யாரோ 3டி பிரிண்டர்ல அடிக்கற மாதிரி ஃபைல் செஞ்சு இன்டர்நெட்ல விட்டுட்டாங்க, சாவி நெஜமாவே பூட்ட தெறந்துச்சு. ஆக ஊருக்கே சாவி இருக்கற ஒரு பூட்ட வாங்கி துப்பாக்கி மேல மாட்டறதுல என்ன லாபம்.

நான் போட்டிருக்கறது சாதாரண சாவிப் பூட்டு, ரெண்டுக்கும் ஒரே சாவி வர்ற செட். கொக்கி நல்ல ஹார்டன் பண்ண ஸ்டீலா, ஓட்டைல டைட்டா உக்கார்ற தடிமனா இருக்கணும், லூசா தொங்குனா இடுக்குல கம்பி விட்டு நெம்ப எடம் கெடச்சிடும். ரொம்ப மலிவான பூட்டுல கொக்கிய பிடிக்கறது வெறும் ஸ்பிரிங் நாக்கு, அத மெல்லிசு தகடு விட்டே தள்ளிடலாம், உள்ள பால் பேரிங் வச்சு பிடிக்கற பூட்டா கேட்டு வாங்குங்க. நம்பர் பூட்டு நல்லதா சாவி நல்லதானு முடிவில்லாத சண்டை ஒண்ணு இருக்கு, நான் சாவிக்காரன், ஏன்னா பதட்டத்துல எனக்கு நம்பர் மறந்துரும். ஒரு சாவி பாக்கெட்ல, இன்னொண்ணு கைப்பைல. பெட்டிக்குள்ள ஸ்பேர் சாவிய வச்சு பூட்டுன ஒரு புத்திசாலிய எனக்குத் தெரியும், கண்ணாடில தினமும் பாக்கறேன்.

தோட்டாவ பத்தி சுருக்கமா. அட்டை, பிளாஸ்டிக், மரம், மெட்டல் எதுவா இருந்தாலும் தோட்டாவுக்குனே செஞ்ச டப்பால இருக்கணும், சும்மா ஜிப் கவர்ல கொட்டிட்டுப் போகக் கூடாது. பெரும்பாலான ஏர்லைன்ல 11 பவுண்ட், அதாவது 5 கிலோ வரைக்கும். துப்பாக்கி இருக்கற அதே பெட்டில வைக்கலாம்னு டிஎஸ்ஏ சொல்லுது, உங்க ஏர்லைன் என்ன சொல்லுதுனு ஒரு தடவ பாத்துக்கோங்க. நான் அந்த ரூல் இருக்கற பக்கத்த பிரிண்ட் எடுத்து கைல வச்சிருப்பேன், கவுண்டர்ல இருக்கறவங்களுக்கே பாதி நாள் ரூல் தெரியாது.

இப்ப கவுண்டர். மொத வார்த்தை ரொம்ப முக்கியம், "என்கிட்ட கன் இருக்கு"னு ஆரம்பிச்சா பின்னாடி நிக்கறவங்க மூஞ்சிய பாக்கணுமே. "லோட் பண்ணாத துப்பாக்கி ஒண்ணு செக்-இன் லக்கேஜ்ல இருக்கு, டிக்ளேர் பண்ணனும்"னு மெதுவா, நார்மலா சொல்லணும், கத்த வேணாம், ஏன்னா வரிசைல நிக்கற எல்லாருக்கும் உங்க பெட்டில என்ன இருக்குனு சொல்றதே திருட்டுக்கு அழைப்பிதழ் வைக்கறது தான். அவங்க ஒரு சின்ன கார்டு குடுப்பாங்க, லோட் பண்ணலனு கையெழுத்து போட்டு பெட்டிக்குள்ள வைக்கணும்.

போன வருஷம் ஒரு ஏர்லைன்ல புதுசா வந்த பையன், கையெழுத்து போட்டு நீட்டுன கார்ட வாங்கி நூல் கோத்து கேஸோட கைப்பிடில வெளில கட்டப் போனான். நல்லா ஆரஞ்சு கலர், பெரிய எழுத்து, நூறடி தள்ளி நின்னாலும் தெரியும். நான் சிரிச்சுட்டே, "தம்பி, அத உள்ள வைப்போமே"ங்கற தொனில சொன்னேன், இல்ல சார் வெளிலதான் வைக்கணும்னான். பெட்டிக்குள்ள துப்பாக்கி இருக்குனு வெளில லேபிளோ டேகோ ஒட்டச் சொல்லி எந்த ஏர்லைனும் கட்டாயப்படுத்தக் கூடாதுனு ஃபெடரல் சட்டமே இருக்கு, இதே மாதிரி டேக பாத்து திருடறாங்கனு தான் அந்த ரூலே. நான் சட்டம் பேசல, உங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கனேன். அந்தம்மா வந்தாங்க, கார்ட பாத்தாங்க, பையன பாத்தாங்க, ஒண்ணும் பேசாம நூல அறுத்து என் கைல குடுத்தாங்க. உள்ள வச்சு பூட்டுனேன். பின்னாடி வரிசைல எல்லாரும் கடிகாரத்த பாத்துட்டு இருந்தாங்க, அதுக்கு நான் என்ன பண்றது.

பெட்டி போனதும் காபி குடிக்க கெளம்பிடாதீங்க. ஸ்கேன்ல ஏதாவது சந்தேகம்னா உங்கள கூப்பிட்டு நீங்களே தெறந்து காட்டணும், சாவி உங்ககிட்டதான இருக்கு. நீங்க கெடைக்கலன்னா பெட்டி ஏறாமப் போகலாம், மோசமா போனா பூட்ட வெட்டறதும் நடக்கும், வெட்டுன பெட்டி பூட்டு இல்லாம எங்க போய் நிக்கும்னு யோசிங்க. க்ளியர் ஆச்சானு கவுண்டர்லயே கேட்டு, பத்து பதினஞ்சு நிமிஷம் அங்கயே நின்னுட்டு அப்புறம் செக்யூரிட்டிக்கு போங்க. ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் இது மாறும், சில எடத்துல ஒரு ரூமுக்கே கூட்டிட்டுப் போவாங்க, சில எடத்துல தலையாட்டிட்டு அனுப்பிடுவாங்க.

எல்லாரும் ஏர்போர்ட்ல பின்னாடி லக்கேஜ் தூக்கற ஆளுங்களயே சந்தேகப்படறாங்க, எனக்கு அத விட பயம் இறங்குன எடத்துல. அமெரிக்கால உள்நாட்டு பெல்ட் பெரும்பாலும் பொது எடத்துல இருக்கும், தெருவுல போறவன் உள்ள வந்து எந்தப் பெட்டிய வேணா எடுத்துட்டுப் போகலாம், டேக யாரும் சரிபாக்க மாட்டாங்க. இவ்ளோ பூட்டு போட்டு, சட்டம் பேசி, கடைசில பெட்டி பெல்ட்ல தனியா ஏழு ரவுண்டு சுத்திட்டு இருந்தா என்ன பிரயோஜனம். ப்ளைட்ல முன்னாடி சீட்டா பாத்து எடுக்கறேன், இறங்குனதும் பாத்ரூம் கூட அப்புறம்தான்.

2017 ஜனவரில ஃபோர்ட் லாடர்டேல் ஏர்போர்ட்ல ஒருத்தன் பெல்ட்ல இருந்து தன்னோட பெட்டிய எடுத்து, பாத்ரூம்ல லோட் பண்ணிட்டு வந்து அஞ்சு பேர சுட்டுக் கொன்னான். அதுக்கப்புறம் சில ஏர்லைன் துப்பாக்கி பெட்டிய பெல்ட்ல விடறதே இல்ல, சுத்தி தடி ஜிப் டை கட்டி பேகேஜ் ஆபீஸ்ல வச்சு ஐடி பாத்துதான் குடுக்கறாங்க. இது லேட் ஆகுதுனு நெறைய பேர் திட்டறாங்க, எனக்கு என்னமோ இது ரொம்பப் பிடிச்சிருக்கு, வேற யாரும் எடுத்துட்டுப் போக முடியாதுல்ல. கவுண்டர்லயே "பெல்ட்ல வருமா, ஆபீஸ்ல வருமா"னு கேட்டு வச்சுக்கோங்க, இல்லன்னா பெல்ட்ட பாத்துட்டே அரை மணி நேரம் மாரடைப்பு வர்ற மாதிரி நிக்கணும், நின்னிருக்கேன்.

கேஸ் கறுப்பு கலர், அது ஒரு மைனஸ், பாத்தாலே உள்ள வெல உள்ள சாமான் இருக்குனு சொல்ற முகம். துப்பாக்கி கம்பெனி ஸ்டிக்கர், ரேஞ்ச் ஸ்டிக்கர் எதையும் ஒட்டாதீங்க. நான் ஒரு கேமரா ஸ்டிக்கரும் கொழந்தையோட டைனோசர் ஸ்டிக்கரும் ஒட்டிருக்கேன். இதுல ஒரு தமாஷ் என்னன்னா, போட்டோகிராஃபருங்க சில பேர் உல்டாவா பண்றாங்க, ஓட்டப்பந்தயத்துக்கு சுடுவாங்களே அந்த ஸ்டார்ட்டர் பிஸ்டல கேமரா பெட்டில போட்டு துப்பாக்கினு டிக்ளேர் பண்ணிடுவாங்க, டிஎஸ்ஏ கணக்குல அதுவும் துப்பாக்கிதான், அதனால மாஸ்டர் சாவி இல்லாத நல்ல பூட்டு போட்டு லென்ஸ காப்பாத்திக்கலாம். அவங்க கேமராவ துப்பாக்கினு சொல்றாங்க, நான் துப்பாக்கிய கேமரானு காட்டறேன்.

ஃபோமுக்கு அடில ஒரு ஏர்டேக் கெடக்கு, பெட்டி எங்க இருக்குனு ஐபோன்ல காட்டற ஆப்பிள் வில்லை, மேல வச்சா கண்டுபுடிச்சு தூக்கி எறிஞ்சிடுவான். திருட்ட அது தடுக்காது, ஆனா பெட்டி இன்னும் கெளம்புன எடத்துலயே இருக்கா, நம்ம கூட வந்துச்சானு தெரியறதே பெரிய நிம்மதி. 2024 டிசம்பர் ஐபோன் அப்டேட்டுக்கு அப்புறம் அந்த லொக்கேஷன ஒரு லிங்க்கா ஏர்லைன்கிட்டயே குடுக்கலாம்.

கனெக்டிங் ப்ளைட் எடுக்கும்போது ஊர பாத்து எடுங்க. 2005ல யூட்டால இருந்து கெளம்புன ஒரு பயணி நியூவார்க்ல கனெக்‌ஷன விட்டுட்டு, பெட்டிய கைல வாங்கிட்டு ராத்திரி ஹோட்டல்ல தங்கி, காலைல ஒழுங்கா கவுண்டர்ல டிக்ளேர் பண்ணப் போனதுக்கே நியூஜெர்சி சட்டப்படி கைது ஆனாரு, 2010ல அப்பீல் கோர்ட்டும் அவருக்கு சாதகமா சொல்லல. நியூயார்க், நியூஜெர்சி பக்கம் மாட்டிக்கிட்டா பெட்டிய கைலயே வாங்காதீங்க, ஏர்லைன்கிட்டயே இருக்கட்டும்.

ஒருவேளை போயிடுச்சுன்னா, ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராதீங்க. ஏர்லைன்கிட்ட கம்ப்ளெயிண்ட் மட்டும் பத்தாது, அவங்களுக்கு அது தொலைஞ்ச லக்கேஜ் அவ்ளோதான், ஏர்போர்ட் போலீஸ்கிட்ட திருட்டுனு ரிப்போர்ட் குடுக்கணும், சீரியல் நம்பர் இருந்தாதான் அவங்க நாடு முழுக்க இருக்கற டேட்டாபேஸ்ல ஏத்த முடியும். நாளைக்கு அது வேற எங்கயாவது சுடப்பட்டா மொத கேள்வி உங்ககிட்டதான் வரும். கெளம்பறதுக்கு முன்னாடி தெறந்த பெட்டிய ஒரு போட்டோ, சீரியல் நம்பர ஒரு போட்டோ, பூட்டுன பெட்டிய டேகோட ஒரு போட்டோ, இது மூணையும் எடுத்து போன்ல வச்சுக்கறேன். நஷ்ட ஈடுக்கு உள்நாட்டு ப்ளைட்ல 4,700 டாலர் வரைக்கும் உச்ச வரம்பு, 2025 ஜனவரில ஏத்துனாங்க, ஆனா பழசுக்கு பழைய வெலதான் போடுவாங்க, ரிசீட்டும் கேப்பாங்க.

கேஸுக்கு திரும்ப வந்தா, மூணு வருஷத்துல வெளில கீறலுக்கு பஞ்சமே இல்ல, ஒரு சக்கரம் லேசா கத்துது, மத்தபடி கீல், லாட்ச் எல்லாம் மொத நாள் மாதிரியே டக்குனு மாட்டுது. ரைஃபிள் எடுத்துட்டுப் போறவங்களுக்கு இது பத்தாது, நீளமான மாடல் தனியா இருக்கு. சின்ன டப்பாதான் வாங்குவேன்னு இருக்கறவங்க அதுக்கு ஸ்டீல் கேபிள் போட்டு சூட்கேஸோட இழுக்கற கைப்பிடி கம்பில சுத்திப் பூட்டுங்க, சும்மா துணிக்கு நடுவுல படுக்க வைக்காதீங்க.

அப்புறம் அந்த ஜிப் டை. ஒரு தடவ பேகேஜ் ஆபீஸ்ல நாலு டை கட்டி குடுத்துட்டாங்க, தடி டை, ஏர்போர்ட்ட விட்டு வெளில போயிதான் அறுக்கணும்னு வேற சொல்லிட்டாங்க. சரினு மேட்ச் நடக்கற எடத்துக்கு போயி டூல் கிட் எங்கனு தேடுனா அது பெட்டிக்குள்ள. அரை மணி நேரம் ஒவ்வொருத்தர்கிட்டயா போயி "அண்ணே ஒரு கட்டர் இருக்கா"ங்கற மாதிரி கேட்டுட்டு அலைஞ்சேன், கடைசில ஒரு பாட்டி நகம் வெட்டி குடுத்தாங்க, அத வச்சு நாலையும் கடிச்சுக் கடிச்சு அறுத்தேன். இப்ப நகம் வெட்டி தனியா கைப்பைல இருக்கு.